பொம்பிளை பார்க்க வந்த அன்று வறுத்த மா

மகளைப் பார்க்க, நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் மறுபக்கம் ஹென்டர்சனிலிருந்து ஒரு துருக்கிக்கார அம்மா வருகிறார் என்று தெரிந்த அன்றே எனக்கு வயிறு கலங்கத் தொடங்கிவிட்டது. பயத்தில் என்று மட்டும் சொன்னால் அது பொய். சந்தோசத்திலும்தான். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் வரும், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே. இது பயம், இது சந்தோசம் என்று பிரித்துப் பார்க்க இந்த வயது வரைக்கும் நான் பழகவில்லை.

பொடியனை எங்களுக்கு முன்பே தெரியும். மகளோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவன். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைப்பான். என் மனைவியின் மீன்குழம்பை மூக்கால் தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவான். அதிலேயே மனைவி விழுந்துவிட்டாள். சமயம் வேறு, பாஷை வேறு என்று நான் மாதக்கணக்காக நித்திரை கெட்டது உண்மை. ஆனால் அதையெல்லாம் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களுக்கு முதலே கதைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் சமயத்துக்கு மற்றவர் மாறுவதில்லை. பதிவுக் கையெழுத்து ஒரு நாள், சாப்பாடு ஒரு நாள். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த அம்மா ஓம் என்று சொல்ல வேண்டும். தகப்பன் போய் இரண்டு வருடம் ஆகவில்லை. பொடியன் ஒரே பிள்ளை. அம்மாவின் மனதை நோகடித்துக் கலியாணம் கட்ட மாட்டேன் என்று அவன் தெளிவாகச் சொல்லியிருந்தான். மகளும் அதே பாட்டுத்தான்.

"அப்பா, ஷீ ஹாஸ் டு பி ஹாப்பி. சண்டையோட ஸ்டார்ட் பண்ண ஏலாது."

அந்த அம்மாவுக்கோ மகனுக்குத் தன் ஊர்ப் பெண்பிள்ளை ஒன்று மனதில் இருப்பதாகக் கேள்வி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய ஆட்கள் வீட்டுக்கு வந்தால் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் கையால் ஏதாவது செய்து மேசையில் வைத்து, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என் பழக்கம். மகளின் பள்ளிக்கூட ஆசிரியை ஒருமுறை வந்தபோது அவருக்கு முன்னால் வடை, போண்டா, முறுக்கு என்று அடுக்கி, அந்த மனுசி ஒரு கேள்வியும் கேட்க முடியாதபடி வாயை நிரப்பி அனுப்பினேன். இந்த அம்மாவுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். அதுவும் சும்மா இல்லை, அவர்களுடைய ஊர்ப் பலகாரமாகவே செய்ய வேண்டும்!

அந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பென்ரோஸில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் துருக்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அதிகம் கதைக்க மாட்டார். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு அறைக்குள் ஒரு பெட்டியோடு வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று நின்று, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொன்னார். கரண்டிக்குள் அழுத்தி எடுத்த, முட்டை மாதிரியான, மண்ணிற அல்வாத் துண்டுகள். வாயில் வைத்தேன். பட்டரில் வறுத்த மா, பால், சீனி. வேறு ஒன்றும் இல்லை, ஏலக்காய் கூட இல்லை! நாக்கில் பட்டதும் மணல் வீடு மாதிரி இடிந்து கரைந்தது. கரைந்த பிறகு வறுத்த மாவின் மணம் மூக்குக்குள் ஏறி நின்றது. வெறும் மாவுக்குள் இப்படி ஒரு ருசி ஒளிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டாவதும் எடுத்தேன். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார்.

ஆகவே அந்த அம்மா வருவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, வேலைக்கு நடுவில் அவரைப் பிடித்தேன். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் கிட்டத்தட்ட ஒரே வகுப்பில் நின்று போனது. அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

"அண்ணை, அந்த மா அல்வா எப்பிடிச் செய்யிறது? நாளைக்கு என்ர வீட்டில செய்யவேணும்."

அவர் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உன்ர வீட்டிலயா? நாளைக்கா?"

"ஓம். ஆக்கள் வருகினம்."

அவர் என் தோளில் கையை வைத்தார். அழுத்தினார். "ஆக்கள் வாறது நல்லது. தனிய இருக்கக் கூடாது" என்றார்.

பிறகு ஆறுதலாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லித் தந்தார். மாவும் பட்டரும் ஏறக்குறைய சமம். நெருப்பு சின்னது. அடுப்பை விட்டு அசையக் கூடாது, கையை நிறுத்தக் கூடாது. மாவின் நிறம் மாறி, மணம் வீடெல்லாம் போன பிறகு, சீனி கரைத்த சூடான பாலை ஊற்று. மூடி வை. பிறகு கரண்டியால் எடு.

"நாளையான் ஓவர்டைமை நான் பாக்கிறன். நீ வீட்டில நில்லு. கடவுள் உங்களுக்குப் பலம் தரட்டும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகளின் விசயத்தைத் தன் வீட்டு விசயம் போல எடுக்கிறாரே! துருக்கிக்காரர் எவ்வளவு பாசமான ஆட்கள்! வரும் வழியெல்லாம், மோட்டர்வேயில் கார்கள் நின்று நின்று நகர்ந்த நேரமெல்லாம், நான் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். பலகாரம் சரிவந்தால் பாதிக் காரியம் சரி.

மனைவிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"கடையில நல்ல கேக் ஒண்டு வாங்கினா முடியிற வேலை. வாற மனுசி பிறந்ததிலயிருந்து சாப்பிட்ட சாமானை நீங்கள் முதல் தரம் செய்து அவவுக்கே குடுக்கப் போறியளோ?"

"அதுதானப்பா அதில விசேசம். அவவின்ர ஊர்ச் சாப்பாட்டை நாங்கள் மதிக்கிறம் எண்டு தெரியும்."

"மதிக்கிறியள், சரி. கருக்கினா?"

இரண்டாம் தரம் கிண்டவும் காணுமோ என்று குளிர்ப்பெட்டியைத் திறந்து பட்டர் கட்டிகளை எண்ணினேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அல்வாவைச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஆட்களை மூன்று மணிக்கு வரச் சொன்னால் மூன்று மணிக்குத்தான் குளிக்கப் போவார்கள். பிறகு சேலை உடுத்து, பூ வாங்க நின்று, வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டு வந்து சேர நாலரை ஆகும். அந்தக் கணக்கில்தான் நான் இரண்டரைக்குப் பிறகு ஆறுதலாக அடுப்பைப் பற்றவைத்தேன். குளிக்கவும் இல்லை. சாரமும் பழைய பனியனும்தான். மாவை முடித்துவிட்டுக் குளிக்கலாம், அந்த அம்மா வருவதற்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி கூடக் குடிக்கலாம்.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். எங்கள் வீடுகளில் கோதுமை மா என்றால் இரண்டு விதம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்து வைத்த மா ஒரு டின்னில். பச்சை மா இன்னொரு டின்னில். இரண்டும் ஒரே வெள்ளை.

"அவிச்ச மாவோ, பச்சை மாவோ?" என்று மனைவி கேட்டாள்.

துருக்கிக்காரர் வெறும் மா என்றுதான் சொன்னார். உலகத்தில் மாவை அவித்து வைக்கிற ஆட்கள் நாங்கள் மட்டும்தானோ என்று எனக்கு அன்றைக்குத்தான் யோசனை வந்தது. பச்சை மாவையே எடுத்தேன். எடுத்த பிறகும் டின்னுக்குள் மூக்கை விட்டு இரண்டு தரம் மணந்து பார்த்தேன்.

பட்டர் உருகிச் சலசலத்தது. மாவைக் கொட்டினேன். முதலில் களி மாதிரிக் கட்டிபட்டுச் சட்டியில் ஒட்டியது. முடிந்தது என்று நினைத்தேன். விடாமல் கிண்டக் கிண்ட, அது தானாகவே தளர்ந்து, மினுங்கி, ஈர மணல் மாதிரி உருளத் தொடங்கியது. அடடா! மணம் வந்தது பாருங்கள்! பிஸ்கற் சுடுகிற மணம், உழுத்தம்மா வறுக்கிற மணம், நெய் காய்ச்சுகிற மணம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நான் சட்டிக்கு மேலே குனிந்து நின்று மணந்தேன்.

அந்த நேரம் பார்த்து முகட்டில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

மனைவி சமையலறைத் துவாயோடு ஓடி வந்து அதற்குக் கீழே நின்று விசுக்கினாள். மகள் மேலிருந்து "அப்பாஆ!" என்று கத்தினாள். எல்லாக் கதவையும் யன்னலையும் திறந்துவிட்டோம். அலாரம் ஓய்ந்தது. நாங்கள் இருக்கிற பக்குரங்காவின் அந்தச் சின்னத் தெருவுக்குள் எங்கள் மாவின் மணம் ஊர்வலம் போகத் தொடங்கியது. அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சரியாக மூன்று மணி. வாசல் மணி அடித்தது.

"வந்திட்டினம்!" என்றாள் மனைவி.

"யார்?"

"யாரோ? சனாதிபதி! உந்தச் சாரத்தோட நிக்காதேங்கோ, ஓடுங்கோ!"

எப்படி ஓடுவது? கையை நிறுத்தினால் மா கருகும். கருகினால் அல்வா போச்சு, அல்வா போனால் மகளின் காரியம் போச்சு. அந்த நிமிசத்தில் என் தலைக்குள் கணக்கு அப்படித்தான் ஓடியது. "நீ கதவைத் திற, நான் இதை விட ஏலாது" என்றேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

சமையலறையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். மகள் நீலச் சேலையில் படியால் இறங்கி வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பொடியன் கையில் வெள்ளைப் பூக்கள். அவனுக்கு முன்னால் அந்த அம்மா. கட்டையான உருவம், சாம்பல் நிறக் கோட், கழுத்தில் பட்டுத் துண்டு. சிரிக்கவில்லை. காற்றை மணந்தார். வாசலில் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கண் நிறைந்து, கைகளை விரித்து, என் மனைவியை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்!

மனைவிக்கு அந்த வரவேற்பு எதிர்பாராதது. அவளும் நன்றாக இறுக்கிப் பிடித்தாள். "தாங்க் யூ, தாங்க் யூ" என்றாள். அந்தத் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, 'கண்டியளோ, எவ்வளவு பாசம்' என்று கண்ணால் சொன்னாள். நான் கிண்டிக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அல்வா வேலை செய்கிறது! வாயில் வைக்க முதலே வேலை செய்கிறது!

அந்த அம்மா அடுத்ததாக என்னிடம் வந்தார். சாரத்தையோ பனியனையோ அவர் கண்டதாகவே தெரியவில்லை. கரண்டி பிடிக்காத என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"யார் செத்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"நோ, நோ" என்றேன். "ஒருத்தரும் இல்லை. எல்லாரும் நல்ல சுகம்."

"பிறகு ஏன் ஹெல்வா?"

பொடியனைப் பார்த்தேன். அவன் பூக்களோடு நடுக் கூடத்தில் நின்றான். முகம் பூவை விட வெள்ளை. தாயிடம் தங்கள் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னான். தாய் திருப்பிக் கேட்டார். அவன் மகளிடம் சொன்னான், மகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"அப்பா, இது அவையின்ர ஊரில செத்த வீட்டில செய்யிற சாமானாம். ஆரும் செத்தா மாவை வறுத்து அல்வா கிண்டி அயலுக்குக் குடுக்கிறவையாம்."

"வேற இடங்களில புது வீட்டுக்கும் செய்வினம்" என்று பொடியன் அவசரமாகச் சொன்னான். "பட்டாளத்துக்குப் போற பிள்ளைக்கும் செய்வினம். ஆனா... எங்கட வீட்டில... அதுக்குத்தான்."

பென்ரோஸ் துருக்கிக்காரர் தோளில் கை வைத்தது, ஓவர்டைமைத் தான் பார்க்கிறேன் என்றது, கடவுள் பலம் தரட்டும் என்றது, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்த மனுசன் என் வீட்டில் இழவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்! பெட்டியோடு வந்து அவர் ஒவ்வொருவருக்கும் கொடுத்ததும் செத்துப்போன யாருக்காகவோ. நான் கூச்சமில்லாமல் இரண்டு எடுத்தேன்.

அதை விடுங்கள். புருசனை இழந்த ஒரு மனுசி, மகனுக்குப் பெண் பார்க்க முதல் முதல் என் வீட்டு வாசலுக்கு வருகிறார். அவருக்கு நான் இழவு வீட்டு மணத்தைக் காட்டி வரவேற்றிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு செத்து எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுப் பலகாரத்தை வாழையிலையில் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் பட்டர் போட்டு, யன்னல் திறந்து, தெருவெல்லாம் அறிவித்துச் செய்திருக்கிறேன்.

"ஐயோ கடவுளே" என்றாள் மனைவி.

அடுப்பை அணைத்தேன். துவாயால் சட்டியைப் பிடித்துத் தூக்கினேன். குப்பை வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தேன்.

"ஸ்டாப்!"

அந்த அம்மாவின் சத்தத்தில் அலாரம் கூட வாயை மூடிக்கொள்ளும். வந்து என் கையிலிருந்து சட்டியை வாங்கி அடுப்பில் வைத்து நெருப்பை மூட்டினார். கோட்டைக் கழற்றி மகனின் கையில், பூக்களுக்கு மேலே போட்டார். கையை மடித்துவிட்டார். சொல்லிக்கொண்டே கிண்டத் தொடங்கினார். பாதி ஆங்கிலம், பாதியை மகன் மொழிபெயர்த்தான்.

"எறியக் கூடாது. மாவின்ர மணம் போனாச் செத்த ஆக்களுக்குத் தெரியும். அவை வருவினம். நீ யன்னலைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டாய். கூப்பிட்டுப் போட்டு இப்ப இல்லையெண்டு அனுப்பப் போறியா?"

"இல்லை, இல்லை" என்றேன். வாசலை எட்டிப் பார்த்தேன். எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

அவர் சட்டிக்குள் பார்த்தார். "மா வெள்ளையாக் கிடக்குது. உனக்குப் பயம். கருகும் எண்டு பயம்."

"ஓம்."

"எல்லாத்துக்கும் பயமோ?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி மறுமொழி சொன்னாள். "எவ்ரிதிங். எவ்ரிடே."

அந்த அம்மா சிரித்தார். சத்தமாக இல்லை. மூக்கால் ஒரு காற்று, தோளில் ஒரு குலுக்கல். ஆனால் சிரித்தார்! வாசலில் வந்து நின்றதற்குப் பிறகு அது முதல் சிரிப்பு. எனக்கு உள்ளே ஏதோ எழும்பி நின்றது.

நெருப்பைக் கொஞ்சம் கூட்டினார். மா நுரைக்கிறது போலப் பொங்கி, மெல்ல மெல்ல நிறம் ஏறியது. நான் என்றோ நிறுத்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. இப்போது கருகும், இந்தா கருகும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கருகவில்லை. கடும் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பால் விட்டால் வருகிற நிறத்துக்கு வந்து நின்றது. மணமும் மாறியது. முதலில் வந்தது வெறும் பட்டர் மணம். இது வேறு, ஆழமாக, சுட்ட விதை மாதிரி.

"தனிய ஒருத்தர் கிண்டக் கூடாது. ஆளுக்கொரு தரம். கிண்டேக்க உங்கட ஆள் ஒருத்தரை நினைக்கவேணும்" என்று கரண்டியை என் மனைவியிடம் நீட்டினார்.

மனைவி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கிண்டினாள். தன் தாயை நினைத்திருப்பாள், கேட்கவில்லை. பிறகு நான். என் அப்பாவை நினைத்தேன். அவருக்கு இனிப்பென்றால் உயிர். ஆனால் சீனி வருத்தத்தில் போனவர். இவ்வளவு சீனியை அவருக்கு அனுப்பலாமோ, ஏதும் செய்துவிடுமோ என்று அதற்குள்ளும் ஒரு யோசனை வந்தது. பக்கத்தில் நின்ற பொடியனிடம் மெல்லக் கேட்டேவிட்டேன்.

"அங்கிள், இட்ஸ் ஓகே. இனி ஒண்டும் செய்யாது" என்றான் அவன்.

அடுத்தது மகள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா சட்டிக்கு மறுபக்கம் நின்று, நெருப்பையும் பார்த்து, அவளையும் பார்த்தார். வந்ததிலிருந்து அவளை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். என் பிள்ளைக்குச் சமையலறை பக்கத்து நாடு மாதிரி. கரண்டியைப் பேனை பிடிக்கிறது போலப் பிடித்திருந்தாள்.

"எனக்கு நினைக்க ஆள் இல்லை" என்றாள் அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில். "தாத்தா பாட்டியை நான் கண்டதே இல்லை. உங்கட ஹஸ்பண்டை நினைக்கட்டுமா? ஆனா அவரையும் எனக்குத் தெரியாது. அவர் எப்பிடி ஆள்?"

பொடியன் குனிந்து பூக்களைப் பார்த்தான். நான் மனதுக்குள் 'ஏன் பிள்ளை இதைக் கேட்டாய்' என்று கத்தினேன். செத்த ஆளைப் பற்றி எங்களில் யாரும் அந்த அம்மாவிடம் கேட்கக் கூடாது என்று மகளிடம் நானே சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா மகளின் கைக்கு மேலே தன் கையை வைத்துக் கரண்டியைச் சரியாகப் பிடிக்க வைத்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். அப்பாடா, என்ன கதை! வாயை மூடவே இல்லை. மனுசன் டாக்ஸி ஓடியவராம். ஏறுகிற ஆட்களின் குடும்பக் கதையெல்லாம் கேட்டு வந்து சாப்பாட்டு மேசையில் சொல்லுவாராம், முகம் தெரியாத ஆட்களின் சண்டைக்காக இவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்களாம். பாட்டு வராதாம், ஆனால் நிறுத்தவும் மாட்டாராம். அயலில் யாராவது செத்து அல்வா கிண்டினால், பொறுமை இல்லாமல் சட்டியிலிருந்தே எடுத்து வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வாராம். ஒவ்வொரு முறையும்! அந்தச் சுட்ட நாக்கோடு இறந்தவருக்காகப் பிரார்த்தனை சொல்லுவாராம், ஒரு சொல்லும் விளங்காதாம்.

அதைச் சொல்லும்போது அவரே நாக்கை வெளியே நீட்டி அந்த மனுசன் மாதிரிக் குழறிக் காட்டினார். மகள் சிரித்தாள். கிண்டிக்கொண்டே, தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார், கன்னம் நனைந்திருந்தது. பொடியன் மட்டும் சிரிக்காமல் தாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் சொன்னான், "அங்கிள், அப்பா போனாப் பிறகு அம்மா இவ்வளவு கதைச்சு நான் கேக்கேல்லை. அவவிட்ட ஆரும் கேக்கிறேல்லை. எல்லாரும் அப்பான்ர பேர் வந்தா கதையை மாத்திப் போடுவினம்."

பால் ஊற்றுகிற கட்டம் வந்தது. சீனி கரைத்துச் சூடாக்கிய பாலை அந்த அம்மா ஒரே தடவையில் சட்டிக்குள் கவிழ்த்தார். சூ! என்று ஆளுயரத்துக்கு ஆவி எழும்பியது. நான் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்து பொடியனின் காலை மிதித்தேன். அலாரம் மறுபடியும் கத்தியது. மனைவி துவாயோடு பாய்ந்தாள். மகள் கிண்ட, அந்த அம்மா "வேகமா, வேகமா" என்று மேசையில் தட்ட, மா பாலையெல்லாம் ஒரே மூச்சில் குடித்துப் பொம்மி உருண்டு சட்டியை விட்டுக் கழன்று வந்தது. கலியாண வீட்டில் கூட இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

மூடி வைத்தோம். அந்த நேரத்துக்குள் நான் ஓடிப்போய் முகம் கழுவி, நீளக் காற்சட்டை போட்டுச் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். வரும்போது அந்த அம்மா மேசையில் இருந்தார், மகள் பக்கத்தில். கரண்டியால் அழுத்தி அழுத்தித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வைத்தவை முட்டை முட்டையாக இருந்தன. மகள் வைத்தவை இடிந்த சுவர் மாதிரி.

"இவளுக்குச் சமைக்கத் தெரியாது" என்றார் அந்த அம்மா என்னிடம். கேள்வியா முறைப்பாடா என்று தெரியவில்லை.

என்ன சொல்ல? பொய் சொன்னால் தட்டிலேயே சாட்சி இருக்கிறது. "தெரியாது" என்றேன். "ஆனா கேட்டுக் கேட்டுப் பழகுவாள். கேக்கிறதுக்குப் பயமில்லை."

"அது என்னில இருந்து வந்தது" என்றாள் மனைவி.

எல்லோருக்கும் தட்டு வந்தது. அந்த அம்மா கண்ணை மூடித் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். நாங்களும் தலை குனிந்து இருந்தோம். பிறகு சாப்பிட்டோம். நான் அவசரத்தில் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுட்டது, ஆனாலும் விடவில்லை. என்ன ருசி! பென்ரோஸில் சாப்பிட்டதை விட ருசி. வறுத்தது போதும் என்று நான் நிறுத்தியிருந்தால் இந்த ருசி வந்திருக்காது என்று எனக்கே தெரிந்தது. கரண்டிகள் மட்டும் தட்டில் தட்டுப்பட்டன. பொடியனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். வந்த காரியத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல் கூட வரவில்லை. தட்டு காலியானதும் எழும்பிப் போய்விடுவாரோ என்று நான் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் துண்டையும் சாப்பிட்டு முடித்தார். கரண்டியைத் தட்டில் குப்புற வைத்தார். துவாயால் வாயைத் துடைத்துவிட்டு, விரலை என் பக்கம் நீட்டினார்.

"கலியாணத்துக்கு பக்லாவா" என்றார். "நான் கொண்டு வருவன். நீ அடுப்புப் பக்கம் வரவே கூடாது."

நான் "ஓம், ஓம், வரமாட்டன்" என்று தலையாட்டினேன். என்ன தப்புச் செய்தேனோ என்ற பயத்தில், அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. அடுத்த கணம் மனைவி என் தொடையில் நுள்ளினாள். மகள் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பொடியன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே மேசையில் கவிழ்ந்தான். அப்போதுதான் அந்த முதல் சொல் எனக்குள் இறங்கியது.

"கலியாணத்துக்கு எண்டு சொன்னவவோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஓமப்பா!"

"அப்ப அது ஓமோ?"

"ஓம் எண்டா ஓம்தான்! இருந்து அழாமல் எழும்பி மனுசிக்குத் தேத்தண்ணி போடுங்கோ."

எழும்பினேன். அடுப்புப் பக்கம் போக எனக்கு அனுமதி இருக்கிறதா என்று அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்க வைக்கலாம் என்று கையால் காட்டினார்.